பார்த்தாளா, இல்லையா

இரண்டு பேர் என்னைக் குணப்படுத்தப் பார்த்தார்கள். ஒருவர் என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்கவே மாட்டார். இன்னொருத்தி என் எதிரில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு, நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்வாள். இருவரும் படித்தவர்கள், மேன்லேண்டிலிருந்து எங்களுக்காகக் கப்பலேறி வந்தவர்கள். அவர்களுக்கு நன்றி சொல்லித் தொடங்குவதுதான் மரியாதை. எனக்கு அந்த மரியாதை வராது.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. நானும் அம்மாவும் அந்தமானில், போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையான பாம்பூஃப்ளாட்டில், அரசாங்கம் கட்டிக் கொடுத்த தகர ஷெல்டரில் இருந்தோம். அதற்கு முன் கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில். அதற்கும் முன் அம்மா வீட்டார் இலங்கையில் தேயிலை மலையில் இருந்தார்கள். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, ரப்பர் பால் எடுக்க இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே மலேரியாவில் போய்விட்டார். எனக்கு ஒரே தம்பி. சுனாமியில் பிழைத்தவன், பிழைத்த கையோடு ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் வேலை பிடித்துக்கொண்டு போய்விட்டான். வெள்ளைக்காரர்களுக்குத் துண்டு மடித்து வைக்கிற வேலை. அம்மாவுக்கு அவன் ராஜா. அவன் போனில் இருமினால் இவளுக்கு இங்கே நெஞ்சு வலிக்கும்.

அந்தக் காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நிலம் ஆடி நின்றதும் ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள். படகுத்துறைப் பக்கம் கடைக்குப் போயிருந்த நானும் திரும்பி ஓடி வந்தேன். ஓடும்போது விழுந்து, சாய்ந்து கிடந்த ஒரு மரக்கட்டைக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டது. மேட்டுக்கு ஏறும் பாதை வளைவில் அம்மா தெரிந்தாள். பயத்தில் உறைந்துபோன தம்பியை, மீசை முளைத்த அந்தத் தடியனை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "அம்மா" என்று கத்தினேன். அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி மேலே ஏறினாள்.

தண்ணீர் வந்தது. கட்டையை நகர்த்தி என் காலை விடுவித்ததும் அந்தத் தண்ணீர்தான். அது என்னைக் கொண்டுபோய் ஒரு கொட்டகையின் இரும்புத் தூணில் மோதியது. தூணைக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் யாரோ வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள்.

போர்ட் பிளேருக்கு எங்களை ஏற்றிவந்த கப்பலில், நான் ஒன்றும் கேட்காமலே அம்மா சொன்னாள்.

"நான் உன்னைய பாக்கவே இல்லடி. ஒரே தூசியா இருந்திச்சி."

தூசி ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவளை எப்படி நம்புவது? பார்த்தாளா, இல்லையா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். பார்த்திருந்தால் அவளோடு ஒரே கூரைக்குக் கீழ் என்னால் இருக்க முடியாது. பார்க்கவில்லை என்றால், நான் அவளைப் படுத்திய பாட்டுக்கு எனக்கு நல்ல கதி கிடைக்காது. படுத்தத்தான் செய்தேன். அவள் சமைத்ததில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவேன். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து வாளித் தண்ணீரைத் துணிக்கு ஊற்றுவேன். தம்பி போன் செய்தால் "அம்மா தூங்குது" என்று வைத்துவிடுவேன். அவள் பக்கத்திலேயே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போர்ட் பிளேரில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் எனக்குத் தினக்கூலி வேலை கிடைத்தது. தினமும் பாம்பூஃப்ளாட்டில் படகு ஏறி, போர்ட் பிளேர் கரையில் சாத்தமில் இறங்க வேண்டும். அதில்தான் வந்தது வினை. படகு கிளம்பியதும் பக்கத்துக் கம்பியைப் பிடிப்பேன். சாத்தம் வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் என் விரல்கள் கம்பியை விடாது. நான் விடச் சொல்வேன், அது கேட்காது. படகுக்காரர்கள் "அரே பெஹன்ஜி, சோடோ நா! ஜல்தி!" என்று இந்தியில் விடச் சொல்லிக் கத்திக்கொண்டு வந்து பிரித்துவிடுவார்கள். படகில் வண்டி ஏற்றி வந்த ஸ்கூட்டர்க்காரர்கள் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எலும்பிலும் நரம்பிலும் ஒன்றுமில்லை என்று சொல்லி, மனசு டாக்டரிடம் தள்ளிவிட்டார்கள்.

அவர் வயதானவர், சென்னைக்காரர், கொஞ்ச காலத்துக்கென்று வந்திருந்தார். காயத்துக்குக் கட்டுப் போடுகிற ரெக்சின் கட்டிலில் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு, என் கண்ணுக்குத் தெரியாதபடி தலைப் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டார். மனதில் வருவதையெல்லாம், அசிங்கமானாலும் அற்பமானாலும், ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். கனவு வந்தால் கொண்டுவர வேண்டும். நான் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசுவேன். பின்னாலிருந்து சத்தமே வராது. செத்துகித்துப் போய்விட்டாரோ என்று ஒருநாள் எழுந்து திரும்பிப் பார்த்தேன். அதையும் குறித்துக்கொண்டார்.

நான் அம்மா திரும்பிப் பார்த்த கதையைச் சொன்னேன். பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"அம்மா முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது உங்களுக்கு அதுதான் முதல் தடவையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பி பிறந்தபோது நான் சின்னவள். லைன் வீட்டுத் தரையில் அம்மா அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். நான் அவள் முதுகில் அடித்து அடித்து அழுவேன். அதைச் சொன்னேன். அவர் குரலில் முதன்முதலாக ஒரு தெம்பு வந்தது. அந்தப் பழைய முதுகைத்தான் நான் மேட்டுப் பாதையில் பார்த்திருக்கலாம் என்றார். அன்றைக்கு அம்மா உண்மையில் திரும்பினாளோ இல்லையோ, என் மனதின் அடியில் அவள் எப்போதும் திரும்பிக்கொண்டேதான் இருக்கிறாளாம். தம்பி சாக வேண்டும் என்று அந்தச் சின்ன வயதில் ஆசைப்பட்டிருப்பேனாம். அந்த ஆசைக்குத் தண்டனையாக, அம்மா என்னை விட்டுப் போனதாக நானே கற்பித்துக்கொண்டிருக்கலாமாம். எல்லாம் 'லாம்', 'லாம்'. வீட்டுக்கு வந்து யோசித்தால் மேட்டுப் பாதை எனக்கே மங்கிப் போயிருந்தது. என்னிடம் இருந்த ஒரே சாட்சி என் கண். அதையும் அந்த ஆள் பிடுங்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆள், மதுரைப் பக்கம், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். "என்னை அக்கான்னு கூப்பிடுங்க" என்று ஷெல்டர் ஷெல்டராகப் போனவள், என் விரல் விஷயம் கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கும் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அங்கே கட்டில் கிடையாது, பாய்தான். கண்ணோடு கண் பார்ப்பாள். தலையைச் சாய்த்துக்கொள்வாள்.

"எங்கம்மா என்னைப் பாத்துட்டும் போயிடுச்சு" என்றேன்.

"அம்மா பாத்துட்டும் போயிட்டாங்கன்னு உங்களுக்குத் தோணுது" என்றாள்.

"அதான் சொன்னேன்."

"நான் கவனிக்கலையோன்னு உங்களுக்குக் கோவம் வருது."

வராமல் என்ன செய்யும்? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் என்னை ஒரு நாளும் நோயாளியாகப் பார்க்கவில்லை. நான் அம்மாவின் குளியல் தண்ணீரைக் கொட்டுவதைச் சொன்னபோதுகூட முகம் சுளிக்கவில்லை. அம்மா செத்தால் நிம்மதி என்று சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வேண்டியது எதுவோ அது எனக்குள்ளேயே இருக்கிறதாம். அவள் பக்கத்தில் இருந்தால் போதும், நானே நிமிர்ந்துவிடுவேனாம். "அவங்க என்னைப் பாத்தாங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்று பிடிவாதமாகக் கேட்டேன். "நீங்க உணர்ந்தது உங்க உண்மை. அது போதும்" என்றாள். அப்படியானால் அம்மாவுக்கு ஓர் உண்மை, எனக்கு ஓர் உண்மை, ஆளுக்கொரு தட்டு மாதிரி. எனக்கு அந்தப் பங்கு வேண்டாம். நடந்தது ஒன்றுதானே?

பிற்பாடு அஞ்சல் வழியில் சைக்காலஜி படித்தேன், இந்த இருவரும் என்னை என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் வன்மத்தில். புத்தகம் அவர்களை எதிரெதிர்க் கட்சியாக வைத்திருந்தது. அவர் கட்சிக்கு மனிதன் தனக்கே தெரியாத பழைய ஆசைகளால் ஆட்டி வைக்கப்படுகிறவன். வைத்தியர் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருந்து, அதைத் தோண்டி எடுத்து அர்த்தம் சொல்ல வேண்டும். அவள் கட்சிக்கு மனிதன் வளரத் தெரிந்தவன். வைத்தியர் ஒளிவுமறைவு இல்லாமல், நிபந்தனை இல்லாமல் அவனை ஏற்றுக்கொண்டால் போதும். பக்கம் பக்கமாக வித்தியாசம் எழுதியிருந்தது. நான் அனுபவத்தில் கண்ட ஒற்றுமை அதில் இல்லை. அம்மா பார்த்தாளா என்பதில் இருவருக்கும் கடுகளவும் அக்கறை கிடையாது. அவருக்கு அது என் கற்பனை, அவளுக்கு அது என் உணர்ச்சி. போலீஸ்காரனாவது முதலில் நடந்ததைக் கேட்பான்.

இதற்கு நடுவில் படகு வேறு. சென்னையிலானால் வைத்தியரும் நோயாளியும் வேறு வேறு தெருவில் வாழ்ந்து தொலைக்கலாம். டாக்டர் பாம்பூஃப்ளாட்டில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். நான் ஏறுகிற படகில்தான் அவரும் ஏற வேண்டும். அறைக்கு வெளியே நோயாளியிடம் பேசுவதில்லை என்பது அவர் தொழிலின் விதி. தெரியாதவனிடமும் "கைசே ஹோ" என்று நலம் கேட்கிற ஊரில், ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு கடலைப் பார்ப்பார். ஒருநாள் அவர் கண்ணெதிரே என் விரல்கள் பூட்டிக்கொண்டன. "டாக்டர்" என்று கூப்பிட்டேன். அவர் பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த முறை கட்டிலில் படுத்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அன்றைக்கு நான் இறங்கிப் போனபோது யாரை நினைத்துக்கொண்டீர்கள்?"

"எங்கம்மாவை."

பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அதைச் சொன்னேன். "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்றார்.

மதுரைக்காரியோ நேர் எதிர். இன்னொரு நாள் இவள் படகில் இருக்கும்போது விரல் பூட்டியது. பிரிக்க வந்தவர்களை "வேண்டாம், அவங்க தயாரானா அவங்களே விடுவாங்க" என்று தடுத்தாள். என் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு நின்றாள். படகு திரும்பப் பாம்பூஃப்ளாட் போனது, மறுபடி சாத்தம் வந்தது, மறுபடி போனது. இவள் என்னோடு வந்துகொண்டே இருந்தாள், அழுதுகொண்டே. எனக்கு அன்றைக்கு அரை நாள் கூலி போயிற்று. படகு முழுக்க என் கதை தெரிந்துபோயிற்று.

இருவரிடமும் நான் போகிறேன் என்பது இருவருக்கும் தெரிந்தபோது, இருவருக்குமே வலித்தது. "அந்தம்மா உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லி உங்களைத் தூங்க வைக்கிறார்" என்றார் டாக்டர். "அவர் உங்களை ஒரு மனுஷியாவே பாக்கல, கேஸாத்தான் பாக்கறார்" என்றாள் அவள். இரண்டும் சரி. யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நான் இருவரையும் விடவில்லை. என்னால் அவர்களுக்கு நேர்ந்த ஒரே கஷ்டம் அதுதான், அதை ரசித்தேன்.

நாற்காலி விஷயம் அதற்குப் பிறகு வந்தது. அவள் ஒருநாள் எங்கள் ஷெல்டருக்கே வந்தாள். ஆஸ்பத்திரி அறையில் நெருக்கம் வராதாம், என் இடத்தில்தான் நான் நானாக இருப்பேனாம். அம்மா பக்கத்து அறையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த ஷெல்டரில் அறைக்கும் அறைக்கும் நடுவே ஒற்றைத் தகரம்தான். அடுத்த வீட்டுக்காரன் சொறிந்துகொண்டால்கூட இங்கே கேட்கும். மேன்லேண்ட்காரிக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு காலியான பிளாஸ்டிக் நாற்காலியை என் முன் போட்டாள். "அம்மா இதுல உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட சொல்லணும்னு இருக்கறதைச் சொல்லுங்க" என்றாள். நாற்காலியோடு பேசச் சொல்கிறாளே என்று சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன்.

"ஏம்மா, பாத்தியா, பாக்கலையா? கால் மாட்டிக்கிட்டுக் கெடந்தேனே. அம்மான்னு கத்துனேனே. தூசின்னு யார்கிட்ட கதை விடுற? சொல்லு. பாத்தியா இல்லையா?"

கடைசியில் நாற்காலியின் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கத்தி ஓடுகிற சத்தம் நின்றிருந்தது.

"ரொம்ப நல்லது" என்றாள் அவள், கண் கலங்க. "இப்ப நீங்க அந்த நாற்காலியில உக்காருங்க. அம்மாவா இருந்து பதில் சொல்லுங்க."

உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அவ ஏன் சொல்லணும்? நான் என்ன செத்தா போயிட்டேன்? பாத்தேன்டி. நல்லாத்தான் பாத்தேன். செவப்புப் பாவாட கட்டியிருந்த."

மதுரைக்காரி சட்டென்று தகரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் படித்த எதிலும் நாற்காலி தானே பதில் சொன்னதில்லை.

"பாத்துட்டு ஏன் வரல?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டது.

"ஒரு கையில தம்பி. ஒரு கையில காயிதப் பை. ஒனக்கு மூணாவது கைக்கு நான் எங்க போவேன்?"

காகிதப் பை என்றால் எங்கள் அடையாளக் காகிதங்கள் இருக்கிற பை என்று மதுரைக்காரிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இலங்கையில் காகிதம் இல்லாததால் எந்த நாட்டுக்காரர்கள் என்று சொல்ல முடியாமல் நின்ற கூட்டம் நாங்கள். ஒரு தாள் குறைந்ததற்காக அம்மாவின் அக்கா குடும்பத்தைக் கப்பலேற்றவில்லை. அதன் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்றே தெரியாது. எங்கள் ஜனங்களில் வயதானவர்களுக்கு வீடு தீப்பிடித்தால் முதலில் கை போவது குழந்தைக்கு அல்ல, பைக்கு. சுனாமிக்குப் பின் நிவாரணம், இந்த ஷெல்டர், என் தினக்கூலி வேலை எல்லாமே அந்தப் பையைக் காட்டி வாங்கியவைதான்.

"பையக் கீழ போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருந்தா நாம யாரு? நீ பொறந்த சர்ட்டிபிகேட்டும் அதுலதான்டி இருந்திச்சி."

என்னை விட்டுவிட்டு நான் பிறந்ததற்கான அத்தாட்சியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

"நீ பொழைப்பேன்னு நான் நெனைக்கல" என்று தகரம் தொடர்ந்தது. குரலில் அழுகை இல்லை, அலுப்பு இருந்தது. "மேல போயி ஒனக்காக மாரடிச்சி அழுதேன். அழுது முடிச்சிட்டேன். மறாநா காலையில நீ வந்து நிக்கிற. அழுது முடிச்ச புள்ளைக்கு எப்படிடி மறுபடி சோறு போடுறது? நானும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீதான் உப்பு இல்லங்கிற."

கத்தி மறுபடி ஓட ஆரம்பித்தது.

மதுரைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

"பசிக்குது" என்றேன். உண்மையாகவே பசித்தது. அவளைப் போகச் சொல்லிவிட்டேன்.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நடந்ததுதான், என் கற்பனை இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள்" என்று மின்விசிறியைப் பார்த்துக் கத்தினேன். அவர் தோற்றுப்போவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்து வந்து முதல்முறையாக என் எதிரில் நின்றார்.

"ஒரே கூரைக்குக் கீழ் இருந்தீர்கள். நேராக ஒரு தடவை கேட்டிருக்கலாமே. இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை?"

அந்தக் கேள்விக்காக அவரை நான் இன்றுவரை வெறுக்கிறேன். அவர் கேட்டதிலேயே சரியான கேள்வி அதுதான். கேட்காத வரை, பாதி மனசால் அவளை வதைக்கலாம், மீதி மனசால் அவள் போட்ட சோற்றைச் சாப்பிடலாம். இரண்டும் எனக்கு வேண்டியிருந்தன. எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு அவரிடமும் போகவில்லை, அவளிடமும் போகவில்லை. விரல் பூட்டுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அடுத்த மழைக்காலத்துக்குள் நின்றுவிட்டது. அது தன்னால்தான் என்று இருவரும் நம்பியிருப்பார்கள், நம்பட்டும்.

டாக்டரிடமிருந்து எழுந்து வந்த அன்று சாயங்காலம், வீட்டுக்கு வந்தபோது அம்மா தட்டு வைத்தாள். நான் உட்கார்ந்தேன்.

"டாக்டர் என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"என்கிட்ட இன்னொன்னும் கேட்டுக்க. திரும்ப ஒரு நா அப்படி வந்தா என்னா செய்வேன்னு கேளு."

"கேக்கல."

"கேளுடி."

"என்ன செய்வ?"

"அதையேதான் செய்வேன்."

எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். நிம்மதிதான் வந்தது, கெட்ட நிம்மதி. இனி இவளை மன்னிக்க வேண்டிய வேலை எனக்கு இல்லை. குழம்பை ஊற்றிப் பிசைந்தேன். உப்பு சரியாக இருந்தது, அதைச் சொல்லவில்லை.

"உனக்கு முட்டி போயிடுச்சு" என்றேன். "அடுத்த தடவ ஓடப்போறது நான்தான்."

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள். இருந்ததில் பெரிய மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.